ஒரு பந்துக்கு நாலு சதவீதம்

ஜூலை 8, திங்கள்

ஒன்பதாம் வகுப்பு 'இ' பிரிவு என் உயிரை எடுக்கிறது. சதவீதம் எட்டாம் வகுப்பிலேயே முடிந்திருக்க வேண்டிய பாடம். இன்றைக்கு மூன்றாவது முறையாக நடத்தினேன். கேள்வி கேட்டால் நாற்பது தலையும் ஜன்னல் பக்கம் திரும்புகிறது, பதில் அங்கேதான் எழுதி ஒட்டியிருக்கிற மாதிரி. ஜன்னலுக்கு வெளியே காலேஜ் மைதானம். எங்கள் பள்ளிக்கும் பெண்கள் கல்லூரிக்கும் ஒரே நிர்வாகம், ஒரே காம்பவுண்டு. கடைசிப் பீரியட் வந்தால் போதும், காலேஜ் பிள்ளைகள் பாஸ்கெட்பால் ஆட இறங்கிவிடுகிறார்கள். அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம்.

"அங்க என்னடி வேடிக்கை? பாக்குறதுதான் பாக்குறீங்க, எத்தனை பந்து உள்ள விழுந்துச்சுன்னாவது எண்ணித் தொலைங்க!" என்று எரிந்து விழுந்தேன்.

"இருபத்தொண்ணு டீச்சர்" என்று ஒரு குரல். ரஹ்மத் நிஷா. வருஷம் ஆரம்பித்ததிலிருந்து வாயே திறக்காத பிள்ளை. "ஒன்பதாம் நம்பர் அக்கா. இருபத்தஞ்சு எறிஞ்சாங்க, இருபத்தொண்ணு விழுந்துச்சு."

"அப்ப எத்தனை பெர்சென்ட்?"

"எண்பத்து நாலு. நாலால பெருக்குனா போதுமே டீச்சர்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வாரம் கரும்பலகையில் முட்டி மோதியது இதற்குத்தானா?

ஜூலை 10, புதன்

வகுப்பையே மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். கோச் ஜெயசீலன் சாரிடம் அனுமதி கேட்டபோது, "சத்தம் போடாம இருந்தா சரிங்க டீச்சர்" என்றார். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு பெண்ணும் இருபத்தைந்து ஃப்ரீ த்ரோ எறிய வேண்டுமாம். தடுக்க ஆள் கிடையாது, கோட்டில் நின்று தனியாக எறிவது. கணக்கு நடத்தவென்றே செய்து வைத்த மாதிரி இருக்கிறது. வகுப்பில் எட்டு பெஞ்சு, பெஞ்சுக்கு ஓர் ஆட்டக்காரி என்று பிரித்துக் கொடுத்தேன். மீதி மூன்று பேரை விட்டுவிட்டோம்.

ஒன்பதாம் நம்பரின் பெயர் முத்துப்பேச்சி. ஆண்டிபட்டிப் பக்கம், மூன்றாம் வருஷம், விளையாட்டு கோட்டாவில் சேர்ந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். உள்ளங்கையைச் சட்டையில் ஒரு தேய், அவ்வளவுதான், எறிந்துவிடுகிறாள். பந்து விழுமா விழாதா என்று அவள் பார்ப்பதுகூட இல்லை. பந்து போய்க்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நிற்கிறவளிடம் ராத்திரி மெஸ்ஸில் என்ன குழம்பு என்று கேட்கிறாள்.

ஜூலை 17, புதன்

இட்லி மாவு புளித்துப் பொங்கி ஃபிரிட்ஜெல்லாம் வழிந்துவிட்டது. ஒரு மணி நேரம் துடைத்தேன். சராசரி, வீச்சு இரண்டும் நடத்தி முடித்தாயிற்று.

ஜூலை 26, வெள்ளி

டெஸ்ட். நாற்பதில் முப்பத்தேழு பேர் பாஸ்! தீபலட்சுமிகூட எழுபது வாங்கியிருக்கிறாள், போன தேர்வில் வெறும் பேப்பர் கொடுத்த மகராசி. தலைமையாசிரியை கூப்பிட்டுக் கை கொடுத்தார். மாவட்டக் கல்வி அலுவலர் இந்த வருஷமும் நல்ல கற்பித்தல் முறைக்கு விருது கொடுக்கப் போகிறாராம். நம் பள்ளியிலிருந்து உங்கள் பெயரை அனுப்பட்டுமா என்றார். போன வருஷம் பொம்மலாட்டம் காட்டி ஹேமலீலா வாங்கினாள். இன்னும் ஸ்டாஃப் ரூமில் அந்தக் கேடயத்தைத்தான் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு விருது ஆசையெல்லாம் கிடையாது. பிள்ளைகளுக்கு ஒரு உற்சாகம், அதற்காகச் சரி என்றேன்.

அலுவலர் வந்தால் கண்ணில் படுகிற மாதிரி ஏதாவது வேண்டும். பெரிதாக ஒரு சார்ட்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஒட்டியாயிற்று. பந்து வைக்கிற அறைச் சுவரில், தண்ணீர்க் குழாய்க்கு நேர் மேலே. எட்டு ஆட்டக்காரிகள், எட்டு நிறக் கோடு, தினமும் ஒரு புள்ளி. காலேஜ் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வந்து மொய்த்துக்கொண்டார்கள். இத்தனை நாள் நாங்கள் என்ன எழுதுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

"ஐயோ, இது நானா?" என்று முத்துப்பேச்சி தன் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். "எண்பத்து நாலா டீச்சர்? எனக்கே தெரியாதே."

"நீங்கதான்க்கா ஃபர்ஸ்ட்டு! நாளைக்கு இன்னும் ஒண்ணே ஒண்ணு கூடப் போடுங்க, எண்பத்தெட்டு ஆயிரும்" என்று என் பிள்ளைகள் குதித்தார்கள். அவள் முகமெல்லாம் பூரித்துப் போயிற்று. எனக்கும்தான்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளியோதரை. இவர் உரக்கடையை மூடிவிட்டு வர மூன்று மணி ஆகிவிட்டது. எல்லாம் ஆறி அவலாகிவிட்டது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

முத்துப்பேச்சி 18, 19, 17, இன்று 16. அறுபத்து நாலு சதவீதம். காற்று. ஆடிக் காற்றில் கம்பத்துப் பள்ளத்தாக்கில் அம்மியே பறக்கும் என்பார்கள், பந்து எம்மாத்திரம்?

ஆகஸ்ட் 14, புதன்

ஜெயசீலன் சார் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே பேசினார்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. அந்தப் படத்த கொஞ்ச நாளைக்குக் கழட்டி உங்க கிளாஸ்லயே மாட்டிக்கிறீங்களா? பிள்ளைக கோட்டுல நின்னுக்கிட்டு என்னமோ கணக்குப் போடுதுக."

"கணக்குப் போட்டா நல்லதுதானே சார்?" என்றேன். ஹேமலீலா பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள், நான் எப்படி இறங்கிப் போவது? "காத்து அடங்குனா எல்லாம் சரியாயிரும். எப்பவும் ஏறியே இருக்குமா? ஏறுனது சராசரிக்குத் திரும்பத்தான் செய்யும். கணக்குல அதுக்கு விதியே இருக்கு."

"அப்படீங்களா" என்று போய்விட்டார். விளையாட்டு வாத்தியாரிடம் விதியைச் சொல்லி வாயை அடைத்தது எனக்கே கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது. ஆனாலும் சொன்னது சரிதானே.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

திரைச்சீலைகளையெல்லாம் துவைத்தேன். போன வாரம்தான் துவைத்தது என்று இவர் சொன்னார். அழுக்காக இருந்தது.

ஆகஸ்ட் 28, புதன்

காற்று அடங்கி ஒரு வாரம் ஆகிறது. முத்துப்பேச்சி இன்று 13. ஐம்பத்திரண்டு சதவீதம். இறங்கு கோடு எப்படி இருக்கும், சாய்வு என்றால் என்ன என்று அவள் கோட்டை வைத்தே நடத்தினேன். பிள்ளைகளுக்குக் கற்பூரமாய்ப் பிடித்துக்கொண்டது.

வெளியே வரும்போது குழாயடியில் முத்துப்பேச்சி நின்றிருந்தாள். "டீச்சர், இன்னிக்குப் போட்டத கணக்குல சேக்காதீங்க டீச்சர். கை வழுக்கிருச்சு."

"அதெப்படிம்மா? ஒரு நாளை விட்டா தரவே கெட்டுப் போயிரும்."

"ஆமால்ல" என்று சிரித்தாள். வெறும் பல் சிரிப்பு. இப்போதெல்லாம் அவள் மெஸ் குழம்பைப் பற்றி யாரிடமும் கேட்பதில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நிற்கிறாள். தேர்வு நெருங்குகிறது, அந்தக் கவலையாக இருக்கும்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். நாற்பது ரோஜாப்பூ. அலுவலர் பதினொன்றாம் தேதி வருகிறார் என்று உறுதியாகிவிட்டது. பன்னிரண்டாம் தேதி இதே மைதானத்தில் கல்லூரிகளுக்கிடையேயான போட்டி, ரயில்வே அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் பார்க்க வருகிறார்களாம். தலைமையாசிரியைக்கு ஒரே குஷி. எனக்கு ஏனோ சோறு இறங்கவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

செப்டம்பர் 9, திங்கள்

கடைசிப் பீரியட் முடிந்து எல்லாரும் போன பிறகு ரஹ்மத் நிஷா தயங்கித் தயங்கி வந்தாள். கையில் சுருட்டிய கிராஃப் தாள்.

"டீச்சர், நீங்க ஒப்பிடுறது நடத்துனீங்கல்ல, அதான் நானா ஒண்ணு போட்டுப் பாத்தேன். இந்தா இந்தக் கோடு ஆகஸ்ட் ரெண்டு, நம்ம சார்ட் ஒட்டுன நாளு. அதுக்கு முன்னாடி எட்டு அக்காவுக்கும் சேத்து சராசரி எழுபத்து நாலு. பின்னாடி அறுபத்தொண்ணு."

"காத்தும்மா" என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன் டீச்சர். ஆனா சார்ட்ல இல்லாத மூணு அக்கா இருக்காங்கல்ல? அவங்களையும் சும்மா எண்ணிக்கிட்டேதான் இருந்தேன். அவங்களுக்கு முன்னாடி அம்பத்தெட்டு, பின்னாடி அறுபது. அவங்களுக்கும் அதே காத்துதானே டீச்சர்?"

இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு மாணவி இப்படி ஒரு காரியம் செய்து நான் பார்த்ததில்லை. இதை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகக் காட்டலாம். காட்டவும் முடியாது.

"ஆபீசர் மேடம் வர்றப்ப இதையும் காட்டவா டீச்சர்?"

"வேணாம். இன்னும் சரிபார்க்கணும். எங்கிட்டயே இருக்கட்டும்" என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அவள் முகம் சுண்டிப் போயிற்று.

சார்ட்டை இன்றைக்கே கழற்றிவிடலாம். ஆனால் புதன்கிழமை மேடம் வந்து வெறும் சுவரையா பார்ப்பார்? பார்த்துவிட்டுப் போனதும் முதல் வேலையாகக் கழற்றிவிடுகிறேன். இரண்டு நாளில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது?

செப்டம்பர் 10, செவ்வாய்

முத்துப்பேச்சியே வகுப்புக்கு வந்துவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். இத எப்படி நிறுத்துறது?"

"எத?"

"எண்ணத்தான். கைய தூக்குனதும் மண்டைக்குள்ள ஓடுது டீச்சர். இது விழுந்தா நாலு பெர்சென்ட், விழாட்டி நாலு போச்சு. ஒரு பந்துக்கு நாலு, ஒரு பந்துக்கு நாலுன்னு. முந்தியெல்லாம் நான் எறியிறதே எனக்குத் தெரியாது."

"சார்ட்டைக் கழட்டிரவா?" என்று கேட்டுவிட்டேன். என்னையறியாமல் வந்துவிட்டது.

"கழட்டுனா மட்டும் போயிருமா? எனக்குத்தான் மனப்பாடமா தெரியுதே." பெஞ்சில் பிள்ளைகள் கிறுக்கி வைத்ததை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். "நாளக்கழிச்சு ரயில்வேக்காரங்க வர்றாங்க. எடுத்துட்டாங்கன்னா வேலை. இல்லாட்டி தையில எங்க மாமா மகனுக்குக் கட்டி வச்சிருவாங்க. அவன் நல்லவன்தான் டீச்சர், குறை ஒண்ணும் சொல்ல முடியாது. எனக்குத்தான் வேணாம்."

என்ன பதில் சொன்னேன் என்று எழுதவே கூசுகிறது. மூச்சை நன்றாக இழுத்து விடு என்றேன். வாழைப்பழம் சாப்பிடு என்றேன்.

சாயங்காலம் சார்ட் பக்கம் போனேன். ஒரு மூலையைப் பிய்த்தேன். திரும்ப ஒட்டிவிட்டு வந்துவிட்டேன். ஒரே ஒரு நாள்தானே. வீட்டுக்கு வந்து இவரிடம் காரணமில்லாமல் வள்ளென்று விழுந்தேன். "என்னாச்சு உனக்கு? ஒரு மாசமா நீ நீயாவே இல்ல" என்றார். விருது கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பதற்றம் என்றேன். அதுவும் பொய்யில்லை.

செப்டம்பர் 11, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கல்வி அலுவலர் தாட்சாயணி மேடம் பத்தரை மணிக்கு வந்தார். நல்ல மனுஷி, பிள்ளைகளிடம் அன்பாகப் பேசினார். சுவர் முன்னால் என் நாற்பது பேரும் வரிசையாக நின்றார்கள், பக்கத்தில் காலேஜ் அணி சீருடையில். அது தலைமையாசிரியையின் ஏற்பாடு. தீபலட்சுமி வீச்சைச் சொன்னாள், இன்னொருத்தி இடைநிலையைச் சொன்னாள். மேடத்துக்கு வாயெல்லாம் சிரிப்பு. "பிரமாதம்" என்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார். எனக்குக் கால் தரையில் இல்லை.

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சார்ட்டைக் கிட்டத்தில் பார்த்தார்.

"இந்தச் சிவப்புக் கோடு யாரு? ஒன்பதாம் நம்பர்? நீயாம்மா? மேல நின்ன கோடு இப்படித் தரைக்கு வந்துருச்சே! நாளைக்கு மேட்ச் வேற வச்சுக்கிட்டு."

அவர் கேலியாகத்தான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். முத்துப்பேச்சி சிரிக்கவில்லை. உள்ளங்கையைச் சட்டையில் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். எறிவதற்குக் கையில் பந்துகூட இல்லை.

"அது தப்பு மேடம்" என்றேன். சத்தமாக. "அந்தக் கோடு அவளுது இல்ல. எங்க பிள்ளைங்க ஆறையும் ஒன்பதையும் மாத்தி மாத்தி எழுதிட்டாங்க. ஆறாம் நம்பர் போட்டதெல்லாம் இவ கணக்குல ஏறியிருக்கு. நான் நேத்துதான் பாத்தேன். சார்ட்டே தப்பு மேடம்."

நாற்பது பேரும் என்னையே பார்த்தார்கள். ஜெயசீலன் சார் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். மேடத்தின் சிரிப்பு போய்விட்டது.

"தப்புன்னு தெரிஞ்சும் சுவத்துல வச்சிருக்கீங்களா? ஒன்பதாம் நம்பருக்கு யாரு எண்ணுனது?"

ரஹ்மத் நிஷா கையைத் தூக்கினாள். நான் கேட்காமலே, யாரும் காட்டிக்கொடுக்காமலே.

"கவனமா எண்ணணும்மா. அடுத்த தடவை பாத்து எழுது, என்ன?"

"சரி மேடம்" என்றாள் அந்தப் பிள்ளை.

நான் சொன்னதுதான் பொய் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வினாடி இருந்தது. முத்துப்பேச்சி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் சொல்லவில்லை. விருது போனது போகட்டும், ஹேமலீலா இன்னொரு கேடயம் வாங்கி அதையும் துடைக்கட்டும். "சரி மேடம்" என்ற அந்தக் குரல் மட்டும் காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. சார்ட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 12, வியாழன்

போட்டி. வகுப்பையே கூட்டிக்கொண்டு போனேன். ரஹ்மத் நிஷா வரிசையின் கடைசியில் உட்கார்ந்தாள், என் பக்கம் திரும்பவில்லை.

ரயில்வேக்காரர்கள் இரண்டு பேர் தொப்பி போட்டுக்கொண்டு எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாதியில் முத்துப்பேச்சியை யாரோ இடித்துத் தள்ள, ஃப்ரீ த்ரோ கிடைத்தது. கோட்டில் போய் நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மைதானம் ஓவென்று கத்தியது, திறந்து பார்த்தால் அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அடுத்ததையும் சிரித்துக்கொண்டேதான் எறிந்தாள். அதற்கப்புறம் பலமுறை கோட்டுக்குப் போனாள், நிறைய விழுந்தது, சிலது விழவில்லை. நான் எண்ணவில்லை. என் வகுப்பிலும் ஒருத்தி எண்ணவில்லை, நாற்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் எங்கள் அணி தோற்றுப் போயிற்று. ஆனால் தொப்பிக்காரர்கள் அவளைக் கூப்பிட்டுப் பேசி, சான்றிதழ் நகலெல்லாம் வாங்கிக்கொண்டு, அடுத்த மாதம் பயிற்சி முகாமுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மூச்சு வாங்க என்னிடம் ஓடி வந்தாள்.

"டீச்சர்! டீச்சர், எங்க டீம்ல ஆறாம் நம்பரே கிடையாது டீச்சர்!"

"என்னது?"

"ஆறாம் நம்பர் ஜெர்சிய போன வருஷம் எங்க சீனியர் ஒருத்தி கல்யாணமாகிப் போறப்ப எடுத்துட்டுப் போயிட்டா. திருப்பித் தரவே இல்ல. அஞ்சுக்கு அப்புறம் ஏழுதான்." சிரிப்பை அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு மாசமா எங்களையே எண்ணுறீங்க, டீம்ல ஆறு இல்லங்கறதுகூட உங்களுக்குத் தெரியல! கோட்டுல போயி நின்னேனா, ஒரு பந்துக்கு நாலுன்னு ஆரம்பிக்க வந்துச்சு. உடனே உங்க மூஞ்சி ஞாபகம் வந்துருச்சு டீச்சர், ஆபீசர் முன்னாடி அந்தப் பொய்ய சொல்லிட்டு முழிச்சீங்களே! சிரிப்புத்தான் வந்துச்சு. எண்ணவே மறந்துட்டேன்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. அவளைக் கட்டிக்கொண்டேன், வேர்வையெல்லாம் சேலையில் ஒட்டியது. அப்புறம்தான் உறைத்தது. அவளுக்குத் தெரியும் என்றால் என் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும். இரண்டு மாதம் தினமும் அந்த ஜெர்சிகளையே பார்த்து எழுதியவர்கள். ஆறு கிடையாது என்று நாற்பது பேருக்கும் அந்த நிமிஷமே தெரிந்திருக்கிறது. ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். ரஹ்மத் நிஷா போய்விட்டிருந்தாள்.

செப்டம்பர் 13, வெள்ளி

முதல் பீரியடே 'இ' பிரிவு. புத்தகத்தைத் திறக்கவில்லை.

"ஆறாம் நம்பர் இல்லன்னு உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"தெரியும் டீச்சர்" என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

"அப்ப ஏன்டி ஒருத்திகூடச் சொல்லல?"

தீபலட்சுமி எழுந்தாள். "நீங்க எதுக்கோதான் சொல்றீங்கன்னு நெனச்சோம் டீச்சர். பேச்சியக்கா அழுற மாதிரி இருந்தாங்கல்ல."

ரஹ்மத் நிஷா குனிந்துகொண்டே இருந்தாள். அவள் பெஞ்சுக்குப் போனேன். பையிலிருந்து அவளுடைய கிராஃப் தாளை எடுத்து முன்னால் வைத்தேன்.

"இது அத்தனையும் சரி. நான் சரிபாக்கவே தேவையில்ல, திங்கக்கிழமையே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சார்ட்டைக் கழட்டல. அப்புறம் ஆபீசர் முன்னாடி உன் தலையில பழியப் போட்டேன். என்னை மன்னிச்சிரும்மா."

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் சொட்டி கிராஃப் கட்டங்களில் மை பரவியது.

"பேச்சியக்காவுக்கு வேலை கெடைக்கட்டும் டீச்சர். அதுல எனக்குச் சந்தோசந்தான்." கண்ணீர் விழுந்த இடத்தை விரலால் ஒற்றினாள். "ஆனா நான் தப்பா எண்ணல."

"நீ தப்பா எண்ணல."

"மேடத்துக்கிட்டயும் சொல்லுவீங்களா?"

"திங்கக்கிழமை நேர்ல போயே சொல்லுறேன்."

தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

"அதுவரைக்கும் போர்டுல எழுதுங்க டீச்சர்."

சாக்பீஸை எடுத்தேன். 'ரஹ்மத் நிஷா சரியாகத்தான் எண்ணினாள். பொய் சொன்னது நான்' என்று பெரிய எழுத்தில் எழுதினேன். இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிற கைதான், வரி கோணலாக ஏறிக்கொண்டே போயிற்று. தலைமையாசிரியை வராந்தாவில் வந்தவர் வாசலில் நின்று படித்தார். என்னைப் பார்த்தார். நான் அழிக்கவில்லை.

"நான்னா யாருன்னு அடுத்த பீரியட் வர்றவங்களுக்குத் தெரியாதே டீச்சர்" என்றாள் ரஹ்மத் நிஷா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "உங்க பேரையும் எழுதுங்க."

கீழே 'மா. குமுதவல்லி, கணித ஆசிரியை' என்று எழுதினேன். தேதியும் போடச் சொன்னாள். போட்டேன்.